வாசிப்புக் கருவிகளை விற்கும் தொழில்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியை விலை கொடுத்து வாங்குவது மருத்துவமனை. காயத்தில் கட்டிக்கொள்பவர் நோயாளி. வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் மற்றொருவர் என்னும் இந்நிலை நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. பார்வையற்றோரும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் மாணவரும் பயன்படுத்தும் வாசிப்புக் கருவிகளின் விற்பனையும் இத்தகையதே. நெசவாளர், விவசாயிகள் வீட்டுப் பட்டதாரிகள் சிலர் இத்தொழிலைப் பற்றி வினவுவதால் இங்கு விளக்க முற்படுகிறேன்.

1824ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லூயி பிரெய்ல், ஆறு புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் முறையை வகுத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. 1976இல் அமெரிக்கரான ரேமண்ட் கர்ஸ்வைல், அச்செழுத்தை வாய்விட்டு வாசிக்கும் பொறியை வெளியிட்டார். அன்று அது ஒரு மேசையையே அடைத்துக்கொண்டது. இன்று அவ்வேலையைக் கைப்பேசியும் செய்கிறது.

இக்கருவியின் காமிரா பக்கத்தைப் படம் எடுக்கும். அதிலுள்ள நிரல் எழுத்துகளை இனம் காணும். பின்னர் செயற்கைக் குரல் ஒலிக்கும். இவற்றுள் எழுத்தை இனம் காண்பதே தமிழில் கடினம். ரகரமும் துணைக்காலும் வடிவில் ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களும் தடுமாற்றம் தரலாம்.

விற்பனையாளரின் வேலை யாது? பள்ளி, நூலகம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்குச் சென்று கருவியை இயக்கிக் காட்டுதல், விலைப்புள்ளி அளித்தல், ஒப்பந்தப்புள்ளி விதிகளை அறிந்து நடத்தல், விற்றபின் ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியனவாம். மாதச் சம்பளத்துடன் விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் தருவது வழக்கம். இடர் இங்கேதான் உள்ளது. ஊக்கத்தொகை விற்றதற்குக் கிடைக்கிறதேயன்றி, மாணவர் படித்ததற்குக் கிடைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஓரிடத்தில், அத்தகைய கருவியொன்று உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கக் கண்டேன். பற்றுச்சீட்டு ஒழுங்காக இருந்தது. இருப்புப் பதிவேட்டிலும் பிழையில்லை. ஆனால் அதன் குரல் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். அங்கிருந்த மாணவியோ தமிழ்வழியில் பயில்பவள். கணக்கில் குறையில்லாத அக்கொள்முதல் முழு நஷ்டமே.

ஆகவே பொது நல நிதியிலிருந்து இத்தகைய கருவி வாங்க எண்ணும் சங்கங்கள் மூன்றினைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்தப்போகும் பிள்ளையின் கையிலேயே கருவியைக் கொடுத்து, அப்பிள்ளையின் பாடநூலை வாசிக்கச் செய்க. பழுது நீக்க யார், எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் பெறுக. இலவசமாகக் கிடைப்பது போதுமா என்று முதலில் பார்க்க. கணிப்பொறித் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது, அது இலவசமே. தகுதியுள்ளோர்க்கு உதவி பெறும் வழியினை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

இத்தொழிலை நாடும் இளைஞருக்கும் ஒரு சொல். "உங்களுக்கு இது வேண்டியதில்லை, கைப்பேசியில் உள்ளதே போதும்" என்று சொல்லத் துணிபவர் அன்று ஒரு விற்பனையை இழப்பார். ஆயினும் அடுத்த முறை கருவி தேவைப்படும்போது, தலைமையாசிரியர் அவரையே அழைப்பார். கரையைப் பார்த்து, இழையை எண்ணித் துணி வாங்கும் நம் மக்களுக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை.