நடுதலும் பேணுதலும்

மரம் நடுவதைக் குறிக்க அரபு மொழியில் 'கர்ஸ்' என்றும், விதை விதைப்பதைக் குறிக்க 'ஸர்உ' என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அல்லது பயிரிட்டு, அதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்ணுமாயின் அது அவருக்குத் தர்மமாக அமையும் என்னும் கருத்துடைய நபிமொழி, அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் இவ்விரு சொற்களும் தனித்தனியே ஆளப்பட்டுள்ளன. இறுதிநாள் வந்து நிற்கும் வேளையிலும், இயலுமாயின், கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணிக்கும் நபிமொழியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் 'அல் அதபுல் முஃப்ரத்' நூலில் கொண்டுவந்துள்ளார்கள். அங்கு வரும் சொல் 'ஃபஸீலா' என்பதாகும். தாய்ப் பேரீச்சையின் அடியில் கிளைத்து, அதனின்றும் பிரித்தெடுக்கப்பட்ட பக்கக்கன்று என்பது அதன் பொருள். தாயைப் பிரிந்த கன்று புதிய மண்ணில் வேரூன்றும்வரை பிறர் தரும் நீரையும் காவலையும் நம்பியே வாழ வேண்டும்.

இவ்விரு நபிமொழிகளும் மரம் நடுவிழாக்களின் அழைப்பிதழ்களை அணிசெய்கின்றன. ஆனால் முதல் நபிமொழியில் தர்மம் எதனோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. பறவை உண்ணுவதற்கு மரம் உயிரோடிருக்க வேண்டும். கனி தரும் பருவம்வரை அது வளர வேண்டும். நல்ல நோக்கத்திற்குரிய கூலி இறைவனிடம் உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் நட்டவுடன் கைகழுவிவிடும் நற்செயலாக மரம் நடுதலை எண்ணுவதற்கு இந்நபிமொழியில் இடமில்லை. நடுதல் ஒரு நாளின் பணி. பேணுதல் குறைந்தது மூன்று ஆண்டுகளின் பணி.

மண்ணை அறிதல்

சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் மண் ஒரே தன்மையதன்று. அடையாறு, சாந்தோம், திருவான்மியூர் ஆகிய கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் களிமண் நிலங்கள். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு என்பதை நினைவிற்கொண்டால், ஒரு மழைக்கே அங்கு நீர் தேங்குவதன் காரணமும் ஓரளவு விளங்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கத்தில் பாறை மேலெழும்பியுள்ளது.

ஆகவே ஒரே முறையில் எங்கும் நடுவது பயன் தராது. மணற்பாங்கான இடத்தில் ஊற்றிய நீர் நில்லாது கீழிறங்கிவிடும். அங்கு மக்கிய எருவைச் சற்று மிகுதியாகக் கலந்து, குழியின் மேற்பரப்பைச் சருகால் மூட வேண்டும். களிமண்ணில் நீர் தேங்கி வேர் அழுகும்; அங்கு குழியை ஆழமாக்குவதினும் அகலமாக்குவதே நன்று. கன்றின் அடிப்பகுதி சுற்றுத்தரையைவிட ஓரிரு விரற்கடை உயர்ந்திருக்குமாறு வைப்பதும் நலம்.

நடும் முறை

நம் நகரத்திற்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் அம்மழைக்குச் சற்று முன்னரோ, அதன் தொடக்கத்திலோ நட்டால், அடுத்த கத்திரி வெயிலுக்குள் வேர் ஓரளவு பரவிவிடும். மார்ச்சில் நட்ட கன்று பிறந்தவுடனேயே நோன்பு நோற்கச் செய்யப்பட்ட குழந்தையைப் போன்றது.

குழி இரண்டடி ஆழமும், அதற்கு மேற்பட்ட அகலமும் கொண்டிருத்தல் போதும். பாலித்தீன் பையை முற்றிலும் கிழித்தெடுக்க வேண்டும். பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் வட்டமாகச் சுருண்டிருக்கும். அவற்றை விரலால் பிரித்துவிட வேண்டும். இயலாதவற்றை நறுக்கிவிட வேண்டும். நறுக்கத் தயங்குவோர் உண்டு. ஆனால் சுருண்ட வேர் மண்ணுக்குள்ளும் சுருண்டே தடித்து, பல ஆண்டுகள் கழித்துத் தன் மரத்தின் கழுத்தையே இறுக்கும். தண்டும் வேரும் சந்திக்கும் இடம் மண்ணுக்குள் புதைதல் கூடாது. புதைந்தால் பட்டை அழுகும்.

காற்று மிகுந்த இடத்தில் ஊன்றுகோல் வேண்டும். கட்டுவது துணியாலோ சணலாலோ, தளர்வாக, எட்டு வடிவில் இருக்கட்டும். காற்றில் சிறிது அசைந்தாடும் தண்டே வலுப்பெறும். ஓராண்டில் ஊன்றுகோலை அகற்றிவிட வேண்டும். கன்றைக் காக்க வைத்த இரும்புக் கூண்டை அகற்ற மறந்ததால், கம்பி பட்டைக்குள் புதைந்து வளர்ந்த மரங்களை நம் தெருக்களில் இன்றும் காணலாம்.

உளூவின் நீர்

முதல் மாதம் மழையில்லாத நாள்களில் நாள்தோறும், பின்னர் முதல் இரு கோடைகளிலும் வாரம் இருமுறையேனும் நீர் ஊற்ற வேண்டும். அடிக்கடி சிறிது தெளிப்பதினும், இடைவிட்டு ஆழமாக நனைப்பதே வேரைக் கீழ்நோக்கி அழைத்துச் செல்லும். கன்று வளர வளர, நீர்ப்பாத்தியையும் தண்டிலிருந்து விலக்கி அகலப்படுத்த வேண்டும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கே மக்கள் லாரிகளின் முன் காத்து நின்றனர். அத்தகைய காலத்தில் கன்றுக்கு நீர் எங்கிருந்து வரும்? நம் பள்ளிவாசல்களில் இதற்கு விடை உண்டு. ஐவேளையும் உளூச் செய்யும் நீர் பெரும்பாலும் சாக்கடைக்கே செல்கிறது. உளூவில் பயன்படுத்தப்பட்ட நீரை 'மாஉ முஸ்தஃமல்' என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் ஏற்கப்பட்ட கருத்தின்படி அந்நீர் தன்னளவில் தூய்மையானது. ஆனால் அதனைக்கொண்டு மீண்டும் உளூச் செய்தல் கூடாது. எனவே அதனைச் செடிக்கு ஊற்றுவதில் மார்க்கத் தடை ஏதுமில்லை. சோப்பு கலவாத அந்நீர் கன்றுக்கும் தீங்கு செய்யாது. ஒரு குழாயும் ஒரு தொட்டியும் அமைத்தால் போதும். பள்ளியைச் சுற்றியுள்ள கன்றுகள் கோடையைக் கடந்துவிடும்.

வர்தா கற்பித்த பாடம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விரைவில் நிழல் தரும் என்று நடப்பட்ட தூங்குமூஞ்சி, குல்மோஹர், இயல்வாகை ஆகியவை பெருமளவில் வீழ்ந்தன. நாட்டு மரங்களும் விழாமலில்லை. எனினும் புன்னை, பூவரசு, புங்கம் போன்ற கடலோர மரங்கள் காற்றை எதிர்கொள்வதில் வல்லவை. மயிலாப்பூரின் பழைய அடையாளங்களுள் ஒன்று புன்னை என்பதையும் நினைவுகூரலாம்.

மரத்தின் இனம் மட்டுமே காரணமன்று. அடிமரம்வரை சிமெண்ட் பூசிய நடைபாதையில் வேருக்குக் காற்றும் நீரும் இல்லை. மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்கள் அறுபடுகின்றன. ஒரு காலில் நிற்பவரைச் சாய்க்கப் பெருங்காற்று தேவையில்லை. எனவே நடும்போதே தண்டைச் சுற்றி மூன்றடியேனும் திறந்த மண் இருக்குமாறு இடம் தேர்தல் வேண்டும்.

மின்கம்பிக்குக் கீழே நெடுமரம் வேண்டா. அங்கு மந்தாரை, பவளமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, நம் இல்லங்கள் நன்கறிந்த மருதாணி ஆகியவை போதும். ஆலும் அரசும் தெருவுக்குரியவை அல்ல. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. பரந்த நிலத்தில் ஊன்றிய விழுதுகளால் மரம் இன்றும் வாழ்கிறது. அத்தகைய பரப்பைத் தர முடிந்தவரே ஆலை நடலாம்.

பொறுப்பு யாருடையது?

இலந்தை மரத்தை வெட்டுவோரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி ஒன்று ஸுனன் அபூதாவூதில் உள்ளது. அதன் பொருளை வினவியபோது இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே விளக்கம் அளித்துள்ளார்கள்: வழிப்போக்கரும் விலங்குகளும் நிழல் பெறும் பாலைவெளி மரத்தை அநியாயமாக, வீணே வெட்டுவதையே அது குறிக்கும் என்பது அவ்விளக்கம். மரத்தின் மீது வழிப்போக்கருக்கும் உரிமை உண்டு என்பது இதனால் பெறப்படுகிறது. அவ்வாறாயின், நட்ட கன்றை நீரின்றிப் பட்டுப்போக விடுவோரும் அவ்வுரிமையைச் சிந்திக்கக் கடமைப்பட்டோரே.

வக்ஃபுச் சொத்துக்கு முத்தவல்லி இருப்பதுபோல் ஒவ்வொரு கன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நூறு கன்றுகளை நட்டு அறிக்கை வெளியிடுவதினும், பத்துக் கன்றுகளை நட்டு, பத்துப் பேரிடம் பெயர் குறித்து ஒப்படைப்பது மேலானது. மூன்று கோடைகள் கழித்து அவற்றுள் எத்தனை நிற்கின்றன என்று ஜமாஅத்தார் கூடி எண்ணிப் பார்க்கட்டும். நிற்பவற்றில் வந்தமரும் குருவிகள், அமானிதம் நிறைவேறியதற்குச் சான்று பகரும், இன்ஷா அல்லாஹ்.