தோல்முட்டையும் அரியலூர்க் கடலும்

தோல்முட்டை பார்த்திருக்கிறீர்களா? முட்டை எடுக்கலாம் என்று கூடைக்குள் கை விட்டால் ஓடே இருக்காது. மெல்லிய தோலுக்குள் வெள்ளைக்கரு தளதளவென்று ஆடும். விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழும். "கோழிக்குச் சூடு புடிச்சிருக்கு" என்பார் பக்கத்து வீட்டுத் தாத்தா. "இனி இது தேறாது, கொழம்பு வச்சிரு" என்பார் இன்னொருவர். குழம்பு வைப்பதற்கு முன்னால் அந்தக் கோழியைக் கொஞ்சம் கவனிப்போம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் அதற்கென்று பெரிதாக எதுவும் வாங்கிப் போட்டதில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் குப்பைமேடு, களம், வேலியோரம் என்று கிளறிப் பொறுக்கிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும். புழு பூச்சி, கீரை, சிந்திய கம்பு, பொடிக்கல், புழுதி எல்லாம் மண்ணே கொடுத்தது. இப்போது கொல்லைவரை சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறியதால் ஒரு சண்டை, அதனால் கோழி நாள் முழுக்கக் கூண்டில். சாயங்காலம் இரண்டு கை அரிசியும் மிச்ச சோறும் போடுகிறோம். வயிறு நிறைகிறது. ஆனால் மண்ணிலிருந்து அது எடுத்துக்கொண்டிருந்த மற்ற எதுவும் கிடைப்பதில்லை. கவனிப்பாரற்ற கோழி என்றால் பெரும்பாலும் இந்தக் கோழிதான்.

கோழியைச் சோதிக்க நல்ல நேரம், அது அடையப் போகும் அந்திப்பொழுது. அப்போது ஓடாது. இரண்டு கையாலும் சிறகை அணைத்துத் தூக்குங்கள். முதலில் கொண்டை. முட்டையிடும் கோழியின் கொண்டை நல்ல சிவப்பாக இருக்கும், ஏனென்றால் அது முழுக்க ரத்தக் குழாய்கள். வெளுத்திருந்தால் உடம்பில் ரத்தம் குறைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அடுத்து நெஞ்செலும்பு. அதன் இரு பக்கமும் சதை மேடாக இருந்தால் சரி; எலும்பின் விளிம்பு விரலில் குத்தினால் கோழி இளைத்திருக்கிறது. வாலடி இறகை ஊதிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு தடித்திருந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி குடியிருக்கிறது. அந்தச் செதிலைப் பிய்க்கக் கூடாது. சில நாளைக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தடவி ஊறவிட்டால் உள்ளே இருப்பது மூச்சுமுட்டிச் சாகும்.

கோழியைப் பார்த்தாயிற்று. ஆனால் அது வெளுத்து இளைக்கக் காரணமான உண்மையான குற்றவாளி கோழியின் மேல் இல்லாமலும் இருக்கலாம். சிவப்புச் செள் என்று ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் கூண்டுப் பலகை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும். இரவில் வரிசையாகக் கிளம்பி வந்து, தூங்கும் கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் எத்தனை முறை இறகை விலக்கிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், கோழி உட்கார்ந்திருக்கும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அது உங்கள் கோழியின் ரத்தம்! பசியோடு இருக்கும் செள் சாம்பல் நிறம். குடித்த பிறகுதான் சிவப்பு. வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளிலேயே ஒரு தலைமுறை பெருகிவிடும். குடிக்க ரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் இடுக்கில் காத்திருக்கும். அதனால் கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. கூண்டைக் காலி செய்து, எச்சத்தைச் சுரண்டி, உச்சி வெயிலில் காயப்போட்டு, இடுக்கிலெல்லாம் வேப்பெண்ணெய் தடவி, சுவருக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது பெரியவர்கள் வேலை, கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஒரு வாரம் கழித்து இதை எல்லாம் இன்னொரு முறை செய்ய வேண்டும். முதல் தடவை தப்பிய செள் முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

கோழியின் மேலேயே வாழும் பேனுக்குக் கோழியிடமே வைத்தியம் இருக்கிறது. ஒரு பழைய தாம்பாளத்தில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டி வையுங்கள். சற்று நேரத்தில் அது ஒருக்களித்துப் படுத்து, காலால் வாரி இறைத்து, இறகுக்குள் புழுதி புக உதறி எழும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். பூச்சியின் உடம்புமேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. நுண்ணிய தூள் அதைச் சுரண்டிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, பேன் காய்ந்து செத்துப்போகும். சிமெண்டுத் தளத்தில் கோழி இதை எங்கே போய்ச் செய்யும்?

இனி தோல்முட்டைக்கு வருவோம். முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, ஐந்து பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல முட்டை ஒன்றை வினிகரில் மூழ்கும்படி போட்டு வையுங்கள். ஓட்டின் மேல் குமிழ் குமிழாக கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அடுத்த நாள் எடுத்துக் கழுவினால் ஓடு கரைந்து, கையில் தோல்முட்டை! அரியலூர்ப் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யலாம். சுண்ணாம்புப் பாறைத் துண்டு ஒன்றைப் பொடித்து, அதன்மேலும் வினிகர் விடுங்கள். அதே நுரை, அதே வாயு. ஏனென்றால் அதுவும் கால்சியம் கார்பனேட்தான்.

அந்தப் பாறை எங்கிருந்து வந்தது? கிரிட்டேசியஸ் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த ஊர்களின் மேல் கடல் கிடந்தது. சிப்பிகளும், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டிக்கொண்டன. அவை செத்து அடியில் படிந்து படிந்து பாறையாயின. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அந்தச் சுண்ணாம்பை வெட்டித்தான் அரியலூர் ஆலைகள் சிமெண்ட் செய்கின்றன. கடைசியில் அந்தச் சிமெண்டே கோழியின் மண்ணை மூடியது என்பது ஒரு வேடிக்கை.

ஒரு ஓட்டைச் செய்து முடிக்கக் கோழிக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவு, இரை எடுக்காத நேரம். பெரிய பண்ணை முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் ரத்தத்தில் ஒரு சமயத்தில் ஓடுவதோ சில பத்து மில்லிகிராம்கள்தான். மீதிக்கு எங்கே போகும்? அதன் கால் எலும்புகளுக்குள் ஓர் உண்டியல் இருக்கிறது. பெட்டைக்கோழி முதல் முட்டையிடுவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே எலும்பின் உட்குழிவில் தனியாக ஒரு மென்மையான எலும்பு வளரத் தொடங்கும். பகலில் கிடைத்த சுண்ணாம்பு அதில் சேரும், இரவில் கரைந்து ஓட்டுக்குப் போகும். தீனியில் சுண்ணாம்பே இல்லாவிட்டால் உடம்பைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும். முட்டைக் கோழி திடீரென்று கால் மடங்கி உட்கார்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உண்டியல் எலும்பு கோழிக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பறவைகளின் மூதாதையரான டைனோசர்களிடமிருந்து. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்பை மேரி ஷ்வைட்சர் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தபோது, அதற்குள்ளும் இதே வகை எலும்பைக் கண்டு, 2005ல் வெளியிட்டார். அப்படியானால் அது முட்டையிடும் பருவத்தில் இறந்த பெண் டைனோசர்! அதன் வயது 6 கோடியே 80 லட்சம் ஆண்டு. ஏறக்குறைய அதே காலத்துப் பாறைகள் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டிலும் இருக்கின்றன. அங்கே கிடைத்த பெரிய டைனோசர் எலும்புகளுக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உருண்டையாக எதைப் பார்த்தாலும் டைனோசர் முட்டை என்று குதித்துவிடாதீர்கள். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் அப்படித்தான் ஊரே பரபரத்தது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய கல் என்றார்கள்.

சரி, கோழிக்கு என்ன கொடுப்பது? கிளிஞ்சல் தூள் தீவனக் கடைகளில் கிடைக்கும். வீட்டில் மீந்த முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்துப் பொடித்தும் வைக்கலாம். ஓடு அடையாளம் தெரியாதபடி பொடியுங்கள், இல்லாவிட்டால் சில கோழிகள் முட்டையையே கொத்திப் பழகிவிடும். தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் பெட்டை தானாக வந்து கொத்தும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் வைக்கவே கூடாது. அது கால்சியம் ஹைட்ராக்சைடு, வாயை வேகவைத்துவிடும். இருட்டுக் கூண்டிலேயே கிடக்கும் கோழிக்குச் சுண்ணாம்பு மட்டும் கொடுத்தும் பயனில்லை. அதைக் குடலிலிருந்து உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும்.

அடுத்து இறகு, அது ஏறக்குறைய முழுக்கப் புரதம். அரிசியும் சோறும் தின்று புது இறகு முளைக்காது. கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கம்பு எல்லாம் நல்லது. எல்லாவற்றையும்விட மலிவு கறையான். உடைந்த பானையில் காய்ந்த சாணி, கந்தல் சாக்கு, வைக்கோல் அடைத்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் திறந்தால் உள்ளே கறையான் மொய்த்துக்கொண்டிருக்கும். கோழி வரும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெரம்பலூர் மக்காச்சோளம் விளையும் மாவட்டம் என்பதால் ஒரு எச்சரிக்கை. மழையில் நனைந்து பூசணம் பிடித்த சோளத்தை, "கோழிக்குத்தானே" என்று தள்ளிவிடுவது வழக்கம். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணம் அகப்பட்டது. அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுக்கும். பூசணத்தைக் கழுவித் துடைத்தாலும் நஞ்சு போகாது.

நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினம் இரண்டு முறை மாற்றுங்கள். கோழிக்கு வியர்க்காது, அதன் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ், வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதற்கு ஈரம் வேண்டும். குடற்புழு மருந்துக்குக் கால்நடை மருந்தகம் போங்கள். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் தொடவே தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக் கவனித்துவந்தால் கொண்டை மெல்லச் சிவக்கும், நெஞ்சில் சதை பிடிக்கும். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது இரண்டு மூன்று மாதம் முட்டையே வராது. "தின்னுட்டுச் சும்மா திரியுதே" என்று கேட்காதீர்கள். தின்ற புரதமெல்லாம் அப்போது இறகுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய கோழியை இரண்டே நாளில் கொண்டுபோகக்கூடியது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேத் நோய் என்பதும் இதுதான். இமயமலைப் பக்கத்து ராணிக்கேத் ஊரில் 1920களின் கடைசியில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வைரஸ் நோய், வந்தால் மருந்தில்லை. வராமல் தடுக்க ஊசி உண்டு. உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸை வைத்துச் செய்த ஊசி என்பதால் வெயிலில் கெட்டுப்போகும், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத்தான் ஊருக்குள் கொண்டுவர வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், சூட்டைத் தாங்கும் வைரஸ் வகையைக் கொண்டு, தீனியாகவே போடக்கூடிய குருணை மருந்தையும் உருவாக்கியது.

கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராக இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தும். அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். முகாமன்று காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன்பே கோழியைப் பிடித்துவிடுங்கள். திறந்துவிட்டால், தேறிய நாட்டுக்கோழியைப் பிடிக்க உங்கள் தெருவில் யாராலும் ஆகாது.