சர்க்கார் கொடுத்த வாக்கு

உத்தரப் பிரதேசத்தில் புதிதாகத் தொடங்கப்படும் தொழிற்சாலைகளுக்கு மூன்றாண்டுக் காலம் விற்பனை வரியிலிருந்து விலக்களிக்க ராஜ்ய சர்க்கார் தீர்மானித்திருப்பதாக, 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி ‘நேஷனல் ஹெரால்ட்’ பத்திரிகையில் ஒரு செய்தி வெளியாயிற்று. சர்க்கரை ஆலை நடத்தி வந்த மோதிலால் பதம்பத் கம்பெனியார், பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பி முதல் போடுவது விவேகமன்று என்று கருதினார்கள் போலும். மறுநாளே தொழில் இலாகாவின் டைரக்டருக்கு எழுதி, கான்பூரில் தாங்கள் நிறுவ உத்தேசித்திருந்த வனஸ்பதி ஆலைக்கும் அச்சலுகை உண்டா என்று விசாரித்து, உண்டென்று பதில் பெற்றார்கள். ஜனாதிபதி ஆட்சி நடந்த அக்காலத்தில் தலைமைக் காரியதரிசியும் கடித மூலம் அதை உறுதி செய்தார். கம்பெனியார் கடன் வாங்கினார்கள். யந்திரங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் ஆலை இயங்குவதற்கு முன்னரே முழு விலக்கு பகுதிச் சலுகையாகக் குறுகிற்று. 1970 ஜூலை 2-ஆம் தேதி உற்பத்தி தொடங்க, அடுத்த மாதமே அந்தப் பகுதிச் சலுகையும் ரத்தாயிற்று.

பகுதிச் சலுகைக்கு உடன்பட்டவர்கள் முழுச் சலுகையைக் கைவிட்டவர்களே என்று கூறி ஹைகோர்ட் அவர்களுடைய மனுவைத் தள்ளிற்று. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி இதை ஏற்கவில்லை. தனக்கு ஓர் உரிமை உண்டென்று அறியாதவன் அதைத் துறந்தான் என்பது எங்ஙனம் பொருந்தும்? சட்டம் எல்லோருக்கும் தெரியும் என்ற அனுமானமே கிடையாது என்று அவர் எழுதியது, சட்டப் புத்தகங்களைக் கண்டு மிரளும் நம்மைப் போன்றோருக்கு ஆறுதல் தருவது. 1947-இல் லண்டன் நகரத்து வாடகை வழக்கொன்றில் நீதிபதி டென்னிங் புதுவாழ்வு அளித்த ‘பிராமிசரி எஸ்டாப்பல்’, அதாவது வாக்கை நம்பி நடந்தவரிடம் வாக்களித்தவர் பின்வாங்கலாகாது என்ற வாக்குறுதி முரண்தடைக் கோட்பாடு, இங்கிலாந்தில் பிரதிவாதியின் கேடயமாகவே பெரும்பாலும் பயன்பட்டு வர, 1978 டிசம்பரில் வெளிவந்த இத்தீர்ப்போ அதைப் பிரஜை சர்க்கார்மீதே வழக்குத் தொடர்வதற்குரிய ஆதாரமாக்கி, மூன்றாண்டுகளுக்கும் முழு விலக்கை வழங்கிற்று. பொதுஜன நலனுக்காகவே வாக்கை மீறினோம் என்று சர்க்கார் சொன்னால் மட்டும் போதாது, அதற்குரிய காரணங்களையும் விவரங்களையும் நீதிமன்றத்தின்முன் வைத்து நிரூபிக்க வேண்டும் என்று விதித்ததே, என் அபிப்பிராயத்தில், அத்தீர்ப்பின் ஜீவன்.

ஈராண்டுக்குள்ளேயே ஆட்சேபம் எழுந்தது. முன்னர் சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த பி.எஸ். கைலாசம் அவர்கள், 1980-இல் ஹரியாணாவின் ஜித்ராம் வழக்கில், சட்டமியற்றும் அதிகாரத்தையும் பொது நன்மைக்கான நிர்வாகக் கடமையையும் ஒரு வாக்குறுதி முடக்கிவிட முடியாது என்று எழுதினார். இருவர் அடங்கிய அமர்வு மற்றோர் இருவர் அமர்வை இவ்வாறு புறக்கணித்தல் முறையன்று என்று 1985-இல், ஒரு சிகரெட் கம்பெனியின் கலால் வழக்கில், பகவதியே மறுமொழி கூறிப் பழைய தீர்ப்பை நிலைநாட்டினார். எனினும் கைலாசத்தின் கவலையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஒரு மந்திரிசபை அளித்த தாராளத்துக்காகப் பின்வரும் தலைமுறையின் பொக்கிஷம் எதுவரை பிணைபட்டிருக்க வேண்டும்?

அக்கவலை 1994-இல் வேறு வழியாக உள்ளே வந்தது. பி.வி.சி. ரெசினுக்கு 1981 மார்ச் 31 வரை சுங்கவரி விலக்கு என்று அறிவித்திருந்த மத்திய சர்க்கார், 1980 அக்டோபரிலேயே அதை வாபஸ் பெற்றது. கெடுவைத் தானே குறித்துவிட்டுத் தானே அதைக் குறைத்தது! எனினும், பொதுநலன் கருதி விலக்கைத் திரும்பப் பெறும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டென்று காசின்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுநலம் என்னும் அவ்வாயில் அதன்பின் அகன்றுகொண்டே வந்திருக்கிறது.

ஹரித்வாரில் ஆலை அமைத்த ஹீரோ மோட்டோகார்ப் கம்பெனியின் வழக்கு அண்மையது. பத்தாண்டுக் கலால் விலக்கை நம்பி உத்தராகண்டுக்குச் சென்ற ஸ்தாபனங்களுக்கு, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும், மத்திய வரியில் நூற்றுக்கு 58 பங்கு மட்டுமே திருப்பித் தரப்பட்டது. எஞ்சிய 42 பங்கு ராஜ்யங்களுக்குப் பகிர்ந்து போய்விட்டது என்பது அன்றைய டில்லியின் கணக்கு. வாக்களித்தது டில்லி, பங்கு பிரித்துக் கொள்ளும் சங்கடம் மட்டும் ஆலைக்காரனுடையது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆயினும், பார்லிமெண்டு இயற்றிய சட்டத்துக்கு எதிராக இக்கோட்பாடு செல்லாது என்று 2022 அக்டோபரில் மனுவைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், ராஜ்ய சர்க்கார்களுக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கும் விண்ணப்பித்துக் கொள்ளலாம் என்று கம்பெனிகளுக்கு அனுமதியளித்தது. அவ்விண்ணப்பங்களைத் தக்கவாறு பரிசீலிக்குமாறு அவர்களையும் கேட்டுக்கொண்டது.