தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்!

உடும்பஞ்சோலை: லயத்து வீட்டில் மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டி வாங்கிய அன்றே நானும் ஆறு மீன் வாங்கி விட்டேன். ஒரே வாரத்தில் அத்தனையும் செத்து மிதந்தன. பிள்ளை அன்று சோறு உண்ணவில்லை.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்கிருமிகள் பெருக 4 முதல் 6 வாரம் வேண்டும். அதுவரை வடிகட்டியை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள்.

ஏலத்தோட்டத்து ஓடைத் தண்ணீர் வேண்டாம், பூச்சிமருந்து கலந்திருக்கலாம். மருந்தடித்த கையைத் தொட்டிக்குள் விடவும் கூடாது.

மலைக் குளிரைத் தாங்குவது ஜீப்ரா மீன். நம் நாட்டு மீன்தான். 40 லிட்டர் தொட்டிக்கு ஆறு போதும்.

நாற்பது நாள் பொறுங்கள், பிள்ளை அழாது.