மனிதன் செய்த பறக்கும் தட்டுகள்

1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்கு அருகே சிறு விமானமொன்றில் தனியே சென்றுகொண்டிருந்த கென்னத் ஆர்னால்டு என்பவர், ஒளி வீசும் ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்து போகக் கண்டதாகச் சொன்ன நாள் முதல், பறக்கும் தட்டு உலகப் பத்திரிகைகளுக்கெல்லாம் ஓயாத விஷயமாகிவிட்டது. வேற்றுக் கிரகவாசிகள் வந்தார்களா என்ற சர்ச்சையில் பலரும் மூழ்கியிருக்க, அத்தகைய வாகனத்தைத் தானே நிர்மாணித்துவிட மனிதன் செய்த பிரயத்தனங்களை அறிந்தவர் சிலரே.

அந்தப் பிரயத்தனம் ஆர்னால்டுக்கு முன்பே தொடங்கியது. சார்லஸ் ஸிம்மர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த வி-173 என்னும் விமானம், உடலே சிறகாய், ஏறக்குறைய வட்ட வடிவில், மரத்தாலும் துணியாலும் உருவாகி 1942 நவம்பரில் வானேறியது. மிகக் குறைந்த வேகத்திலும் கீழே விழாமல் மிதப்பது அதன் விசேஷம்.

ஆயினும் பூரணமான தட்டு வடிவை எட்ட முயன்றது, கனடாவின் ஆவ்ரோ நிறுவனத்தில் ஜான் ஃபிராஸ்ட் என்பவரின் தலைமையில், அமெரிக்க ராணுவத்தின் பொருளுதவியோடு உருவான ஆவ்ரோகார்தான். 18 அடி விட்டமுள்ள அதில் இருவர் தனித்தனிக் கூண்டுகளில் அமர்வார்கள். மூன்று ஜெட் இயந்திரங்கள் நடுவிலுள்ள பெரிய விசிறியைச் சுழற்ற, அது மேலிருந்து காற்றை உறிஞ்சி, தட்டின் விளிம்பு வழியே வெளியே தள்ளும். கீழ்நோக்கிப் பாயும் காற்று வாகனத்தைத் தூக்கும். பின்னோக்கித் திருப்பினால் முன்னே செலுத்தும். மணிக்கு 300 மைல் வேகமும் 10,000 அடி உயரமும் எட்டலாமென்று நம்பினார்கள்.

1959 நவம்பரில் அது கட்டுக்கயிறின்றிக் கிளம்பியது. ஆனால் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயர்ந்ததுமே, கை தவறிக் கீழே விழுந்த தாம்பாளம் போல விளிம்பு மாற்றி விளிம்பு தடதடவென்று ஆடத் தொடங்கிற்று. வேகமும் மணிக்கு 35 மைலைத் தாண்டவில்லை. காரணம் இதுதான்: தரைக்கருகே இருக்கும்வரை, விளிம்பிலிருந்து பாயும் காற்று அடியில் தேங்கி ஒரு மெத்தையாய்த் தாங்குகிறது, சற்றே உயர்ந்தால் அந்த மெத்தை நிலைகுலைந்து, ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் அழுத்துகிறது. வாலும் நீண்ட சிறகும் தரும் இயல்பான ஸ்திரத்தன்மை தட்டுக்குக் கிடையாது. பல திருத்தங்களுக்குப் பிறகும் குறை நீங்காமல், 1961 இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. செய்யப்பட்ட இரண்டு வாகனங்களில் ஒன்றை ஓஹையோவிலுள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

வானம் மறுத்த வடிவத்தை மண் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. பின்லாந்தின் மாட்டி சூரோனன் 1968இல் பனிச்சறுக்கு விடுதியாக உருவாக்கிய ஃபூட்டூரோ வீடு, கண்ணாடி இழை சேர்ந்த பிளாஸ்டிக் துண்டுகளை இணைத்து, 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமுமாய் எஃகுக் கால்களின்மேல் நின்றது. மேடுபள்ளமான மலைச்சரிவிலும் அதை எளிதில் நிறுத்தலாம், விரைவில் சூடேற்றலாம். 1973இன் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை ஏற்றி, அதன் உற்பத்திக்கு முடிவு கட்டியது. பிரேசிலில் ஆஸ்கர் நீமாயர் வகுத்து 1996இல் திறக்கப்பட்ட நித்தெரோய் கலை அருங்காட்சியகமோ, குவானபாரா விரிகுடாவின் ஓரத்தில் ஒற்றை அடித்தண்டின்மேல் தட்டாக விரிந்து, அந்நகரத்தின் அடையாளமாகவே திகழ்கிறது. நம் தமிழ்த் திரையும் பின்தங்கவில்லை: எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 1963ஆம் ஆண்டின் கலை அரசியில், வேற்றுக் கிரகவாசிகள் வந்து பூமியின் பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள்.

கண்ணுக்கு உகந்த வடிவமெல்லாம் காற்றுக்கு உகந்ததாகிவிடாது என்பதை, ஏட்டில் எழுதியதோடு நில்லாமல் பறந்து பார்த்தே நிரூபித்தவர்கள் ஆவ்ரோ பொறியாளர்கள். வெற்றி பெற்ற யந்திரங்களின் சரித்திரத்தை மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள், இத்தகைய தோல்விகளையும் அவற்றின் காரணங்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். விஞ்ஞான புத்தி வளர அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.