கீரனூரில் எடுத்த படம் யார் கண்ணில் படுகிறது?

கண்டாங்கிச் சேலையைச் செல்போனில் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விநோதம் தெரிந்திருக்கும். துணியில் இருப்பது நேர்க்கோட்டுக் கட்டம். திரையிலோ அதன்மேல் நீரலை மாதிரி வளைவளைவாக ஏதோ நெளிகிறது. இரண்டடி முன்னால் வந்து எடுத்தால் மறைந்துவிடும். பின்னால் நகர்ந்தால் மறுபடி வரும். தறியில் பிசகில்லை, போனிலும் கோளாறில்லை. இரண்டு கட்டங்கள் மோதிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு கட்டம் நெசவாளர் போட்டது. இன்னொன்று போனுக்குள் இருக்கிறது. கேமராவின் சென்சார் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்குழிகளை வரிசை வரிசையாக அடுக்கிய தகடு. இந்தக் குழிகளுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் சொல்லத் தெரியும். அதனால் ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி ஒட்டியிருக்கும். நான்கு குழிகளில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மனிதக் கண் பச்சையை ஒட்டிய வெளிச்சத்தில்தான் நுணுக்கத்தை அதிகம் பிடிக்கிறது என்பதால் அந்த நிறத்துக்கு இரட்டைப் பங்கு.

ஆக, சிவப்புக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் குழிக்குப் பச்சையும் நீலமும் தெரியாது. அக்கம்பக்கத்துக் குழிகளைப் பார்த்துப் போன் அதை ஊகித்துக்கொள்கிறது. முகத்துக்கும் சுவருக்கும் இந்த ஊகம் பொருந்திவிடும். சென்சாரில் விழும் சேலைக் கட்டத்தின் இடைவெளியும் குழிகளின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகும்போதுதான் ஊகம் தடுமாறி, இல்லாத அலையை வரைகிறது. கொசுவலையை இரண்டாக மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இதே அலையை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இதற்கு மோரே என்று பெயர்.

படம் பதிந்த பிறகு இன்னொரு வெட்டு விழுகிறது. ஜேபெக் கோப்பாகச் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டு, நிற விவரத்தில் கைவைக்கிறார்கள். வழக்கமாக நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறக்குறிப்புதான் மிஞ்சும். நிறத்தின் நுணுக்கம் குறைவதை நம் கண் சட்டென்று கண்டுபிடிக்காது என்ற தைரியம். ஆனால் கடுகு மஞ்சளில் மயிரிழையாக ஓடும் அரக்குக் கோடு அங்கேதான் கலங்கிப்போகிறது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றும்போது படம் மறுபடியும் நசுங்கும். ஜரிகை மங்கித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறம் மாறித் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்யூப்லைட் வெளிச்சமா வெயிலா என்று கேமராவுக்குத் தெரியாது. படத்திலுள்ள எல்லா நிறங்களையும் சராசரியாக்கினால் சாம்பல் வரவேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது மிக எளிய முறை. படம் முழுக்கச் சிவப்புச் சேலை நிறைந்திருந்தால், வெளிச்சமே சிவப்போ என்று அது சந்தேகப்பட்டுச் சிவப்பைக் குறைத்துவிடும். பின்னால் ஒரு வெள்ளைச் சுவரோ ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளோ இருந்தால் இந்தச் சந்தேகம் பாதி தீரும். புதிய போன்கள் இதைவிடச் சாமர்த்தியமானவை. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

சரி, படம் தயார். இனி அது யாரிடம் போகிறது?

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது கீரனூர். குளத்தூர் வட்டத்துக் கிராமத்துக்காரர்கள் எல்லாக் காரியத்துக்கும் வந்துபோகும் ஊர். இங்கே பிளவுஸ் தைத்து, ஆரி என்ற கொக்கி ஊசிப் பூவேலையும் செய்யும் ஒரு பெண் தன் உடுப்பையும் தையலையும் அன்றாட வாழ்க்கையையும் காட்ட இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தபந்தம், கூடப் படித்தவர்கள், வாடிக்கையாளர்கள் என்று 600 பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு படம் போட்டால் 600 பேரும் பார்ப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நடப்பது வேறு. கீரனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குடைவரைத் தூண்களில் ஆடல் மகளிரை, அவர்களின் கொண்டையும் காதணியும் கைவளையும் தெரிய வரைந்துவைத்தார்கள். அந்த ஓவியத்தைப் பார்க்க ஆள்தான் மலைக்குப் போகவேண்டும். போனவர் எல்லாரும் பார்த்தார்கள். இன்று படம் ஆளைத் தேடிப் போகிறது. போகவேண்டிய படங்களோ கணக்கில் அடங்காது. பார்ப்பவரிடம் இருப்பது சில நிமிடம். நடுவில் யாராவது பொறுக்கி எடுத்தாக வேண்டும்.

2016 வரை இன்ஸ்டாகிராம் படங்களை நேர வரிசையில் காட்டியது. அந்த ஆண்டு வரிசையை மாற்றியபோது, தாங்கள் பின்தொடரும் பக்கங்களின் பதிவுகளில் சராசரியாக 70 சதவீதத்தை மக்கள் பார்ப்பதே இல்லை என்று அந்த நிறுவனமே காரணம் சொன்னது. அதற்குப் பிறகு, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அந்த வரிசையில் காட்டத் தொடங்கினார்கள். யூடியூப் தன் ஏற்பாட்டை அதே 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டது. அந்தக் கட்டுரையின்படி வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பல லட்சம் வீடியோக்களிலிருந்து சில நூறு சலித்தெடுக்கப்படுகின்றன. அடுத்து அந்தச் சில நூறும் ஒவ்வொன்றாக மதிப்பிடப்பட்டு வரிசையாகின்றன. எத்தனை பேர் தொட்டுத் திறப்பார்கள் என்பதைவிட, திறந்தவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதுதான் அந்த மதிப்பீட்டின் அளவுகோல். 2012லேயே யூடியூப் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கவர்ச்சியான முகப்புப் படத்தைப் போட்டு ஏமாற்றும் வித்தைக்கு வைத்த கடிவாளம் அது.

இந்த இயந்திரத்துக்கு ஆரி வேலை தெரியவேண்டியதில்லை. இந்த வீடியோவில் தங்கியவர்கள் வேறு எவற்றில் தங்கினார்கள் என்று பார்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். காரைக்குடிச் சேலை வீடியோவைக் கடைசிவரை பார்த்த ஒருவர் மலேசியாவின் கிள்ளானில் இருக்கலாம். அதே போன்ற ரசனையுள்ள சிலர் கீரனூர்ப் பெண்ணின் வீடியோவிலும் தங்கினால், அது கிள்ளானுக்கும் போகும். பக்கத்துத் தெருக்காரருக்குப் போகாமலும் இருக்கலாம். ஊர் தூரம் இங்கே பெரிய கணக்கில்லை. ரசனைத் தூரம்தான் கணக்கு.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீடியோ எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்குக் கண்முன் சான்று இருக்கிறது. சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த பெரியதம்பி தாத்தாவும், சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் ஆகிய அவருடைய பேரப்பிள்ளைகளும் 2018 ஏப்ரலில் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். தாத்தா சமையல் வேலை பார்த்தவர். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சமைத்து, ஊராருக்குப் பரிமாறினார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து உட்கார்ந்து வெங்காயப் பச்சடி கலந்து, காளான் பிரியாணி சாப்பிட்டுப் போனார். அதே ஆண்டு ஜூலையில் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அது. அந்தச் சமயத்தில் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022இல் வெளிவந்த ‘விக்ரம்’ படத்திலும் தலைகாட்டினார்கள்.

தொடங்கிய காலமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு கிராமத்திலும் டேட்டா மலிவானது. கையில் போன் வைத்திருந்தவரெல்லாம் வீடியோ பார்ப்பவரானார். இன்னொரு பக்கம், 2018 ஜனவரியில் யூடியூப் விதியை இறுக்கியது: விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றது. 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்றால் 60,000 தடவை யாராவது வந்து பார்த்தாக வேண்டும். இந்த வேலி போட்ட மூன்றாம் மாதம்தான் சின்ன வீரமங்கலத்தில் அடுப்பு பற்றவைக்கப்பட்டது.

அவர்களின் வீடியோவைப் பார்வை நேரம் என்ற அந்த அளவுகோலோடு பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு பொருள் அண்டாவில் விழும்போதும் அதன் பெயரைக் கத்திச் சொல்கிறார்கள். தமிழ் தெரியாதவருக்கும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். எண்ணெய் காய்ந்தது, வெங்காயம் வதங்கியது, இனி வெந்து இறக்கிப் பந்தி போடுவதைப் பார்க்காமல் எழுந்து போக மனசு வராது. தங்கவைக்கும் குணம் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது.

ஆரி வேலைக்கும் இந்தக் குணம் உண்டு. துணியை ஃப்ரேமில் விறைப்பாக இழுத்துக் கட்டி, மேலே கொக்கி ஊசி, அடியில் நூல். ஊசி துணியைக் குத்தி இறங்கி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி, ஒரு வளையமாக மேலே இழுக்கும். அடுத்த குத்து அந்த வளையத்துக்குள்ளேயே இறங்கும். இப்படியே சங்கிலி ஓடும். பேக் நெக்கில் சாக்பீஸால் போட்ட வெறும் கோடு, சங்கிலித் தையலாகி, ஜர்தோசியும் முத்தும் ஏறி முடியும்வரை பார்ப்பவருக்கு அடுத்தது என்ன என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கும். முடிந்த பிளவுஸை மட்டும் படம் போட்டால் ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போவார்கள்.

அப்படியானால் நன்றாகச் செய்தால் வளர்ந்துவிடலாமா? இங்கேதான் கணிதம் குறுக்கே வருகிறது. பத்துப் பேர் பின்தொடரும் பக்கமும் ஆயிரம் பேர் பின்தொடரும் பக்கமும் ஒரே தரத்தில் இருந்தாலும், புதிதாக வருபவர் கண்ணில் ஆயிரம் பேருடைய பக்கம் படுவதற்கே வாய்ப்பு அதிகம். பட்டால் சேருவார், சேர்ந்தால் இன்னும் அதிகம் படும். பணம் பணத்தோடு சேரும் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். 1925இல் உட்னி யூல் உயிரினப் பேரினங்கள் பெருகுவதில் இதைக் கண்டார். 1955இல் ஹெர்பர்ட் சைமன் சொற்களின் பயன்பாட்டிலும் நகரங்களின் அளவிலும் கண்டார். 1999இல் பராபாசியும் ஆல்பெர்ட்டும் இணையத்தின் வலைப்பின்னலில் கண்டார்கள். இருப்பவருக்கே மேலும் சேரும் எந்த இடத்திலும் மிகச் சிலர் மிகப் பெரியவர்களாகவும், மிகப் பலர் சிறியவர்களாகவும்தான் முடிவார்கள். ஆகவே ‘சராசரிப் பக்கம்’ என்று ஒன்றைப் பிடித்து வைத்து நம்மை அளந்து பார்ப்பதில் அர்த்தமில்லை.

யார் அந்தச் சிலர் என்பதைத் தரம் முடிவுசெய்கிறதா, அதிர்ஷ்டமா? சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். அதிகம் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,341 பேர். ஒரு பிரிவினர் மற்றவர் செய்வது தெரியாமல் தாங்களாகவே கேட்டுத் தரவிறக்கினார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எல்லா உலகத்திலும் எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்கியது. ஆனாலும் முடிவுகள் உலகத்துக்கு உலகம் மாறின. தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம். இன்னோர் உலகத்தில் 40ஆம் இடம். மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிது. நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போயின. தொடக்கத்தில் வந்த கொஞ்சம் பேர் எதைத் தொட்டார்கள் என்பதே பாதையைத் திருப்பிவிட்டது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் சோர்வு தருவதாக இருக்கவேண்டியதில்லை. ஒரு பதிவு ஓடாததை வைத்து அது மட்டம் என்று முடிவுகட்ட முடியாது. ஓடியதை வைத்துத் தலைகனக்கவும் முடியாது. தரத்தை விடாமல் திரும்பத் திரும்பப் போடுகிறவருக்கு அதிர்ஷ்டக் குலுக்கலில் சீட்டு அதிகம்.

திரும்பத் திரும்ப வருவதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒன்றை அடிக்கடி பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று 1968இல் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். அதற்கு முன்பே 1956இல், தொலைக்காட்சியில் தினம் பேசுகிறவரைப் பார்வையாளர் தெரிந்தவராகவே நினைக்கத் தொடங்குவதை டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் எழுதினார்கள். ஒருதலை உறவு அது: இவருக்கு அவரைத் தெரியும், அவருக்கு இவரைத் தெரியாது. அதே தாத்தா, அதே வயல், அதே கத்தல் என்று வரும்போது உலகெங்கும் பேரப்பிள்ளைகள் முளைத்துவிடுகிறார்கள். உடுப்பையும் வீட்டையும் காட்டுகிற பக்கங்களில் இந்த ஒட்டுதல் இன்னும் அதிகம். அவர் எந்தச் சேலை வாங்கினார் என்பதைவிட, ‘நம்ம’ அக்கா வாங்கினார் என்பதே பெரிதாகிவிடுகிறது. விளம்பரக்காரர்கள் காசு கொடுப்பது இந்த ‘நம்ம’வுக்குத்தான். காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதைப் பார்ப்பவரிடம் சொல்லிவிடவேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் விதி வகுத்ததற்கும் இதே ஒட்டுதல்தான் காரணம்.

கீரனூர்ப் பெண்ணிடம் வருவோம். இயந்திரம் கூட்டிவைப்பது பார்வை நேரத்தை. அவருக்கு வேண்டியது தையல் ஆர்டர். இரண்டும் ஒன்றல்ல. ஐந்து லட்சம் பேர் பார்த்த வீடியோவில் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வரக்கூடியவர் ஒருவரும் இல்லாமல் போகலாம். குளத்தூர் வட்டத்தில் 300 பேர் மட்டும் பார்த்த வீடியோ கல்யாண சீசன் முழுக்கத் தையல் மிஷினை ஓயவிடாமல் வைக்கலாம். பதிவில் கீரனூர் என்று ஊர்ப்பெயரைப் போடுவதும், புதுக்கோட்டை பஸ்ஸில் வருகிறவர் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்வதும் உலகப் பார்வையாளருக்குத் தேவையில்லாத விவரம். ஆர்டர் தருகிறவருக்கு அதுதான் விவரம். வெளியூரில் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு வகுப்பு எடுப்பதானால் கணக்கு தலைகீழாகும்; அப்போது கிள்ளானில் பார்ப்பவரும் வாடிக்கையாளர்தான். பக்கம் தொடங்குகிறவர் கேமராவையும் வெளிச்சத்தையும் யோசிப்பதற்கு முன்னால், தன் பதிவைப் பார்த்துவிட்டு யார் வந்து கதவைத் தட்டவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டால், எந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவது என்பதும் தெரிந்துவிடும்.