நாக்கில் ஒட்டும் மண்

பீங்கான் தொழிலில் கருவி எதுவும் கேட்காத சோதனை ஒன்று உண்டு. முதல் சூடு மட்டும் கண்ட, மெருகு பூசாத துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைக்க வேண்டும். வெடுக்கென்று ஒட்டிக்கொண்டால் அதற்குள் நுண்துளைகள் இருக்கின்றன, அவை எச்சிலை உறிஞ்சுகின்றன என்று பொருள். வழுக்கிக்கொண்டு போனால் மண் உருகி இறுகித் துளைகள் அடைபட்டுவிட்டன.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழிலில் பெயர் வாங்கித் தந்தவை இரண்டாம் வகைப் பொருள்கள். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சொட்டு ஈரத்தை உள்ளே விட்டாலும் மின்சாரத்தைத் தடுக்கும் வேலை கெட்டுவிடும். அதனால் ஏறத்தாழ 1,250 டிகிரி செல்சியஸ் வரையோ அதற்கு மேலோ சூடேற்றி, களிமண்ணோடு கலந்த ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை நிரப்பும்வரை சூளையில் வைக்கிறார்கள். அதே களிமண் 900, 1,000 டிகிரியிலேயே நின்றுவிட்டால் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் துளை அடைபடாது. தண்ணீர்ப் பானை அந்த வகை.

துளை இருப்பது குறை என்றே பீங்கான்காரர்கள் நினைப்பார்கள். அதைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கும் ஒரு தொழில் பிரான்ஸில் இருக்கிறது. அது சிவப்பு ஒயின் தயாரிப்பு.

கறுப்புத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஒன்றைப் பிதுக்கிப் பார்த்தாலே தெரியும், கருநீலம் எல்லாம் தோலோடு நின்றுவிடும். அதனால் சிவப்பு ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. நசுக்கிய பழத்தைத் தோலும் விதையுமாகத் தொட்டியில் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. வாயு கிளம்பும்போது தோல்களைத் தூக்கிக்கொண்டு போய் மேலே தடித்த ஆடையாகக் கட்டிவிடும். அடியிலிருந்து சாற்றை எடுத்து அந்த ஆடைமேல் திரும்பத் திரும்ப ஊற்றினால்தான் நிறம் இறங்கும். நிறத்தோடு இன்னொன்றும் இறங்கும், அதுதான் டானின்.

டானின் எப்படி இருக்கும் என்று முந்திரி விளையும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வி.ஆர்.ஐ.-3 போன்ற முந்திரி ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையமே விருத்தாசலத்தில்தான் இருக்கிறது. தோப்பில் முந்திரிப்பழத்தைக் கடித்தால் முதலில் இனிப்பு, அடுத்த நொடியே நாக்கு சொரசொரத்துத் தொண்டையைப் பிடிக்கும். அதைச் செய்வது டானின். சிவப்பு ஒயினை ஒரு வாய் உறிஞ்சியதும் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படரும் பிடிப்பும் இதே குடும்பத்தின் வேலைதான்.

எச்சிலில் புரதங்கள் இருக்கின்றன. நாக்கும் அண்ணமும் உரசாமல் வழுக்குவது அவற்றால்தான். டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரித்துவிடுகிறது. வழுவழுப்பு போனதும் நாக்குக்கு எல்லாம் சொரசொரப்பாகத் தெரிகிறது. ஆகவே துவர்ப்பு என்பது ருசி என்பதைவிடத் தொடு உணர்ச்சி என்பதே சரி. சுட்ட மண் நாக்கில் ஒட்டுவதும் வறட்சிதான், ஆனால் காரணம் வேறு. அங்கே துளைகள் தண்ணீரை இழுக்கின்றன. இங்கே தண்ணீர் அப்படியே இருக்க, புரதம் மட்டும் போகிறது. பிரான்ஸின் போர்தோ பகுதியில் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது பழைய வழக்கம். கடுமையான டானின் வாயில் எச்சிலைப் பிடிப்பதற்குப் பதில் பீப்பாயிலேயே வெள்ளைக்கருவின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும்.

மிச்சமிருக்கும் டானினைச் சாந்தப்படுத்துவது காற்று. மிகச் சிறிய அளவில் ஆக்சிஜன் உள்ளே கசிந்தால் டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் இணைகின்றன. நிறம் நிலைக்கிறது, துவர்ப்பின் முரட்டுத்தனம் குறைகிறது. காற்று கூடிப்போனால் ஆல்கஹாலைப் புளிக்காடியாக்கும் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். எனவே எவ்வளவு காற்று, எவ்வளவு நாள் என்பதுதான் ஒயின் வைக்கும் பாத்திரத்தின் முழுக் கேள்வி. எஃகுத் தொட்டி தானாகக் காற்றை விடாது. ஓக் மரம் கொஞ்சம் விடும், கூடவே வனிலாவும் கிராம்பும் புகையும் கலந்த தன் வாசனையையும் ஏற்றிவிடும். சுட்ட மண் காற்றை விடும், மணம் எதையும் சேர்க்காது. அண்மை ஆண்டுகளில் பிரான்ஸின் பல குடும்பத் தோட்டங்கள் மண்ஜாடிக்குத் திரும்பியதன் காரணம் இதுதான்.

போர்தோவின் போயாக் ஊரில் இருக்கும் ஷாத்தோ பொந்தே கனே நல்ல எடுத்துக்காட்டு. போர்தோ ஒயின் தோட்டங்களின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் ஐந்தாம் தரத்தில் இடம்பெற்ற தோட்டம் அது. 1975 முதல் தெஸ்ரோன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. கபர்னே சோவிஞோனும் மெர்லோவும் அங்கே முக்கியத் திராட்சைகள். 2012 முதல் அவர்கள் தங்கள் ஒயினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஓக் பீப்பாயில் வைக்காமல், பழைய ஜாடி வடிவத்தில் செய்த கான்கிரீட் கலங்களில் முதிரவைக்கிறார்கள். அந்தக் கலங்களின் கலவையில் தங்கள் தோட்டத்துக் கூழாங்கல்லையே சேர்த்தார்கள். சூளையில் சுட்ட மண் இல்லை என்றாலும் தத்துவம் ஒன்றே: மரத்தின் மணம் வேண்டாம், மூச்சு மட்டும் போதும்.

பாத்திரம் விட்ட தடத்தை உணர, ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கண். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் தாள்மேல் பிடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். இளம் ஒயினின் விளிம்பில் ஊதா தெரியும், வயதானால் செங்கல் நிறத்துக்கு வரும். அடுத்தது மூக்கு. கோப்பையை இரண்டு சுற்றுச் சுழற்றினால் பரப்பு கூடி வாசனை எழும். பழ வாசனை முன்னால் வருகிறதா, வனிலாவும் புகையும் முந்துகின்றனவா என்பதில் மண்ணா மரமா என்று ஓரளவு ஊகிக்கலாம். கடைசியில் வாய். ஒரு மிடறை நாக்கு முழுவதும் உருட்டினால் புளிப்பில் எச்சில் ஊறும், டானினில் ஈறு இறுகும், ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். இந்த மூன்றில் ஒன்று மற்றதை மிதிக்காமல் இருந்தால் சமநிலை என்கிறார்கள். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கவனிப்பார்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுவார்கள்.

பாட்டிலின் வெப்பம் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையில் கிடந்த பாட்டிலை அப்படியே திறந்தால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும், ஆகவே சிறிது நேரம் குளிரவைத்துத்தான் திறக்க வேண்டும். இன்னொன்று: மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஒயினை அறிய ஆசைப்படுகிறவர் அதையும் அறிந்திருக்க வேண்டும்.

மண்ஜாடியில் வந்த ஒயின் கடலூர்க் கரைக்குப் புதிதல்ல. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது, இரு கைப்பிடி வைத்த மத்தியதரைக்கடல் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அங்கே அகழ்ந்தார்கள். அந்த ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் வில், பல ஜாடிகள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை ஒயின் ஜாடிகள் என்று கண்டார். கோஸ் ஒயின் கடல்நீர் சேர்த்துச் செய்வதற்குப் பெயர்போனது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார்.

அந்தக் காலத்து ஒயின் ஜாடிகளின் உள்ளே மரப்பிசினிலிருந்து எடுத்த கீல் பூசுவது வழக்கம். மாதக்கணக்கில் கடலில் வரும் சரக்குக்கு மூச்சு ஆபத்து, அதனால் சூளை விட்டுவைத்த துளைகளைக் கீலால் அடைத்தார்கள். ஜார்ஜிய நாட்டில் இன்றும் தரையில் புதைத்துவைக்கும் ‘குவேவ்ரி’ என்னும் பெரிய மண்தாழிகளின் உள்ளே தேன்மெழுகு பூசுகிறார்கள். அந்தத் தாழியில் ஒயின் செய்யும் முறை 2013இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. மெழுகு துளைகளை முழுக்க அடைப்பதில்லை, குறைக்கிறது. அடைப்பது, குறைப்பது, திறந்துவிடுவது என்று மூன்று வழிகள். எது வேண்டும் என்பதை ஒயின்காரர் சொல்லலாம், எத்தனை டிகிரியில் அது கிடைக்கும் என்பது சூளைக்காரருக்குத்தான் தெரியும்.

ஆகவே ‘மண்ஜாடியில் முதிர்ந்தது’ என்று பெருமையாக அச்சடித்த பாட்டில் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஜாடி எத்தனை டிகிரியில் சுட்டது? உள்ளே என்ன பூசியது? ஒயின் அதில் எத்தனை மாதம் இருந்தது? இவற்றுக்கு விடை இல்லையென்றால் ஜாடி வெறும் அலங்காரம். விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சுட்ட துண்டை எடைபோட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து, மறுபடி எடைபோட்டு எவ்வளவு உறிஞ்சியது என்று கணக்கிடுவது அங்கே படிப்பவர்களுக்குப் பழகிய பாடம். ஒயினை வாயில் வைத்தே அறியாத மாணவரும் இந்த மூன்று கேள்விகளில் முதலிரண்டின் விடையை அந்தத் தராசிலேயே பாதி கண்டுபிடித்துவிடுவார்.